சான்றும் காட்சியும்: வேலை தேடுவோரின் இணைய முகம்

பொறியியல் படிப்பின் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு மாணவர்களின் காதில் ஓர் அறிவுரை பல வாய்களிலிருந்தும் விழுந்துவிடுகிறது. லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கு, கோட்டு போட்ட படம் வை, கிட்ஹப்பில் புராஜெக்டை ஏற்று, வாரத்துக்கு ஒரு பதிவாவது எழுது. பிளேஸ்மென்ட் அலுவலர் சொல்கிறார், வேலைக்குப் போய்விட்ட சீனியர் சொல்கிறார், யூடியூபில் வழிகாட்டுபவர் சொல்கிறார். கலை அறிவியல் கல்லூரிகளிலும் இப்போது இதே பேச்சுதான். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த அறிவுரைக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. செய்த வேலையை நாலு பேர் பார்க்கும்படி வைப்பது ஒன்று. தன்னையே நாள்தோறும் காட்சிக்கு வைப்பது இன்னொன்று. முன்னது சான்று, பின்னது காட்சி. இரண்டையும் பிரிக்காமல் மொத்தமாக ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் காட்சியில் மாதங்களைச் செலவழித்துவிட்டு, சான்று எதுவும் கையில் இல்லாமல் நிற்கிறார்கள். வெறுத்து மொத்தமாக ஒதுக்கிவிட்டவர்களோ, தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கதவுகளை இழக்கிறார்கள். இந்த நடைமுறையை அதனால்தான் பகுதி பகுதியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் பலம். தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கிண்டிக்கும், திருச்சி என்ஐடிக்கும், கோவை பிஎஸ்ஜிக்கும் நிறுவனங்கள் தாமாகத் தேடி வருகின்றன. பெரம்பலூரிலோ தருமபுரியிலோ இருக்கும் ஒரு தனியார் கல்லூரிக்கு அப்படி வருவதில்லை. வந்தாலும், மதிப்பெண் வரம்பு வைத்து, அரியர் இல்லாதவர்களில் சிலரை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. மற்றவர்களுக்கு இருப்பது ‘ஆஃப் கேம்பஸ்’ என்ற ஒற்றைச் சொல்தான். ஒரு காலத்தில் அதற்கு அர்த்தம், ரெஸ்யூமே நகல்களை ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவது, நண்பனின் அறையில் பாய் விரித்துப் படுப்பது, கன்சல்டன்சிகளின் படியேறி இறங்குவது, முன்பணம் கேட்பவனிடம் ஏமாறுவது. எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலே நகரத்தில் இருப்பவனுக்கு முதலில் கிடைத்தது; ஊரில் இருப்பவனுக்கு அது வந்து சேர்வதற்குள் இடம் நிரம்பிவிடும். இன்று அடையாறில் இருப்பவர் பார்க்கும் அதே அறிவிப்பை, அதே நிமிடத்தில் அரியலூரில் இருப்பவரும் பார்க்கிறார். இது சின்ன மாற்றம் இல்லை. இணையத்தில் வேலை தேடுவதைக் குறை சொல்லப் புகும் எவரும் முதலில் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் அதன் பயன் எது, பாசாங்கு எது என்பதும் புரியும். நௌக்ரி தளத்தை சஞ்சீவ் பிக்சந்தானி 1997-இல் தொடங்கினார். ரீட் ஹாஃப்மனும் தோழர்களும் உருவாக்கிய லிங்க்ட்இன் 2003 மே மாதம் வெளியானது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. 2023-இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை உலக அளவில் 100 கோடியைத் தொட்டது. இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேல். இரண்டு தளங்களுக்கும் பெரும் வருவாய் தருவது ஒரே வகையான வாடிக்கையாளர்: ஆள் தேடும் நிறுவனம். நிறுவனங்கள் பணம் கட்டி வாங்குவது, கோடிக்கணக்கான சுயவிவரங்களுக்குள் தேடும் உரிமையை. ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர் ‘ஜாவா’, ‘சென்னை’, ‘2 ஆண்டு அனுபவம்’, ‘30 நாள் நோட்டீஸ் பீரியட்’ என்று சல்லடை வைக்கிறார். கடைசியாக எப்போது கணக்கைத் திறந்தார் என்பதையும் வடிகட்டியாக வைக்கிறார். சல்லடையில் தங்குபவர்களுக்கு மட்டும் அழைப்பு போகிறது. நௌக்ரியில் தினமும் காலையில் எதையாவது ஒரு சொல்லை மாற்றிச் சேமிக்கும் பழக்கம் வேலை தேடுவோரிடையே பரவியிருப்பது இதனால்தான்.

ஆக, நிறுவனம் தேடும்போது அகப்படுவதற்கு அழகான வாசகம் தேவையில்லை. தெளிவான சொல் போதும். என்ன மென்பொருள் தெரியும், எந்த ஊரில் இருக்கிறார், எதைக் கட்டியிருக்கிறார், எப்போது சேர முடியும். ஆர்வமிக்கவர், தொலைநோக்குடையவர், விளைவுகளை நோக்கி உழைப்பவர் என்று முகப்பில் எழுதும் வரிகளை எந்த ஹெச்.ஆரும் தேடுபெட்டியில் தட்டுவதில்லை. ஒரு மாலை உட்கார்ந்து ஒழுங்காக நிரப்பினால் இந்த வேலை முடிந்துவிடும். புதிதாக எதையாவது கற்றாலோ, கட்டினாலோ திரும்பப் போய்ச் சேர்த்தால் போதுமானது. இந்த அளவுக்கு இணைய முகம் எல்லோருக்கும் வேண்டியதே என்பது என் முடிவு.

சுயவிவரத்தைக் காட்டிலும் பெரிய பயன் தொடர்புகளில் இருக்கிறது. இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களைப் பற்றி எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம் பேர் மட்டுமே. மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது மிக அரிதாகப் பார்க்கும் ஒருவரால் வேலை பெற்றவர்கள். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; தள்ளி இருப்பவருக்குத்தான் நமக்கு எட்டாத செய்தி தெரியும் என்பது அவருடைய விளக்கம். இதையே லிங்க்ட்இன்னில் சோதித்து, 2022 செப்டம்பரில் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2015 முதல் 2019 வரை, 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்ற பரிந்துரைகளை வெவ்வேறு விதமாகக் காட்டி, யாருக்கு வேலை கிடைத்தது என்று பார்த்தார்கள். ஓரளவு தள்ளி இருக்கும் தொடர்புகளே வேலைக்கு அதிகம் உதவின. அறியாமலேயே சோதனைக்குள்ளான பயனர்களின் வேலை வாய்ப்போடு இப்படி விளையாடலாமா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. நியாயமான கேள்வி அது. ஆனால் கண்டறிந்தது நமக்கு முக்கியம். ஏனென்றால், அதன் இன்னொரு முடிவு இங்கே பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை: தள்ளி இருக்கும் தொடர்பு உதவுவது கணினி சார்ந்த தொழில்களில் அதிகம், கணினியைக் குறைவாகச் சார்ந்த தொழில்களில் நெருங்கிய தொடர்பே கைகொடுக்கிறது.

கோவை கணபதியில் சிஎன்சி எந்திரம் ஓட்டும் ஒருவருக்கோ, ஓசூரில் ஃபிட்டர் வேலை பார்ப்பவருக்கோ, திருப்பூரில் பேட்டர்ன் மாஸ்டராக இருப்பவருக்கோ லிங்க்ட்இன் கணக்கு எதையும் தருவதில்லை. அவர்களுடைய கைத்திறன் பக்கத்துப் பட்டறைக்காரருக்குத் தெரியும். வேலை வாட்ஸ்அப் குழுவிலும், கேட்டில் ஒட்டிய தாளிலும், ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்’ என்ற ஒரு ஃபோனிலும் நகர்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கு நேரில் போவது இவர்களுக்கு இணையத்தில் செலவிடும் மாதங்களைவிடப் பயனுள்ளது. மென்பொருள் துறைக்குப் பொருந்தும் அறிவுரையை ஐடிஐ மாணவருக்கும், டிப்ளமோ மெக்கானிக்கல் மாணவருக்கும், செவிலியர் படிக்கும் பெண்ணுக்கும் அப்படியே ஓதுவது தவறு. துறை அறிந்து சொல்ல வேண்டும்.

மென்பொருள் துறைக்கு வருவோம். இங்கேதான் சான்றும் காட்சியும் மிக நெருக்கமாக உரசுகின்றன. 2008-இல் தொடங்கி, 2018-இல் மைக்ரோசாஃப்டின் கைக்கு 750 கோடி டாலருக்குப் போன கிட்ஹப், நிரலை எழுதிச் சேமிக்கும் இடம். ஒருவர் எழுதிய நிரலை வரி வரியாக, தேதி தேதியாக அங்கே பார்க்கலாம். எந்தத் தொழிலிலும் வேலை தேடுபவருக்கு இவ்வளவு நேரடியான சான்று இதற்கு முன் வாய்த்ததில்லை. கல்லூரியின் பெயர் எடுபடாத இடத்தில், ஓடும் நிரல் எடுபடும். தன் ஊர் ரேஷன் கடையின் இருப்பைக் கணக்கு வைக்கும் சிறு செயலியை ஒரு மாணவி எழுதி, அதை எப்படி நிறுவுவது என்று தெளிவாக நாலு பத்தி எழுதி வைத்திருந்தால், நேர்முகத் தேர்வில் பேச அரை மணி நேரத்துக்கு விஷயம் இருக்கும். ஏன் இந்தத் தரவுத்தளம், எங்கே தவறு வந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்ற கேள்விகளுக்கு, செய்தவரால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

அதே கிட்ஹப்பின் முகப்பில் ஒரு கட்டவரைபடம் இருக்கிறது. வேலை செய்த நாளுக்குப் பச்சைக் கட்டம், செய்யாத நாளுக்கு வெற்றுக் கட்டம். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்ற எண்ணிக்கையும் ஒரு காலத்தில் பக்கத்திலேயே இருந்தது. 2016 மே மாதம் கிட்ஹப் அதை நீக்கியது. நீக்கிய பிறகு என்ன நடந்தது என்று ஆராய்ந்தவர்கள் 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நெடுநாள் தொடர்ச்சிகள் அறுந்தன, வார இறுதி வேலை குறைந்தது, ஒரே ஒரு பங்களிப்பு மட்டும் செய்த நாட்களும் குறைந்தன. ஒரு எண் திரையில் இருந்ததற்காக மட்டுமே ஞாயிற்றுக்கிழமைகளிலும் உழைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று இது காட்டுகிறது. எண் போய்விட்டது, பச்சைக் கட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை நிரப்புவதற்காகவே, ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மாற்றிச் சேமிக்கும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

தனக்குள் முடிந்துபோகும் வரை இது நேர விரயம் மட்டும்தான். பிறர் தலையிலும் விடியும்போது நிலைமை வேறு. உலகெங்கும் இணையதளங்கள் பயன்படுத்தும் எக்ஸ்பிரஸ் என்ற திறந்த மூல மென்பொருளின் கிட்ஹப் பக்கத்தில், 2024-இன் தொடக்கத்தில் பயனற்ற திருத்தக் கோரிக்கைகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றில் இருந்த மாற்றம், அறிமுகக் கோப்பில் அனுப்பியவரின் சொந்தப் பெயரைச் சேர்ப்பது. திறந்த மூலத்தில் பங்களிப்பது எப்படி என்று விளக்கிய ஓர் இந்திய யூடியூப் பாடம் அந்தப் பக்கத்தை உதாரணமாகக் காட்டியிருந்தது. பார்த்தவர்கள் அப்படியே செய்துபார்த்தார்கள். ஊதியம் இல்லாமல் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூட வேண்டியிருந்தது. அந்த மாணவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பங்களிப்பு என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை; பங்களித்தவர் போலத் தெரிவது எப்படி என்று மட்டுமே சொல்லித் தந்தார்கள்.

உண்மையான பங்களிப்புக்கு நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பு இருக்கிறது. கணியம் அறக்கட்டளை இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவும், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பும் இருக்கின்றன. இவற்றில் ஒரு சிறு பிழையைக் கண்டுபிடித்து, விளக்கி, திருத்தி, மூத்தவர் ஒருவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அது ஏற்றுக்கொள்ளப்படும் வரை பொறுமையாக இருந்த மாணவருக்கு, அலுவலகத்தில் குழுவாக வேலை செய்வது எப்படி என்பது சேர்வதற்கு முன்பே தெரிந்துவிடும். அதற்குப் பச்சைக் கட்டம் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். ஆனால் நேர்முகத் தேர்வில் அந்த ஒன்று போதும்.

லிங்க்ட்இன் பதிவுகளின் கதை இதைவிடக் கவலை தருவது. அங்கே நம் மாணவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி சான்றிதழ்ப் படங்கள். இரண்டு மணி நேர வகுப்புக்கு ஒரு சான்றிதழ், வினாடி வினாவுக்கு ஒரு சான்றிதழ், கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ். ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் ஒரு வியாபாரமும் இதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. விண்ணப்பித்த எல்லோருக்கும் ஆஃபர் லெட்டர் வருகிறது. ஊதியம் கிடையாது, மேற்பார்வை செய்ய ஆள் கிடையாது. முதல் வேலையே, அந்தக் கடிதத்தை நிறுவனத்தின் பெயரைக் குறியிட்டு லிங்க்ட்இன்னில் போடுவது. பிறகு கால்குலேட்டர், செய்ய வேண்டியவை பட்டியல் என்று இணையத்தில் ஆயிரம் இடங்களில் கிடைக்கும் பயிற்சிகளைச் செய்து, அதற்கும் காணொளி எடுத்துக் குறியிட்டுப் போட வேண்டும். கடைசியில் சான்றிதழ், சில இடங்களில் அதற்குக் கட்டணம். அந்த மாணவர் செய்தது வேலைப் பயிற்சி இல்லை. அந்த நிறுவனத்துக்குச் சம்பளமில்லாத விளம்பரம். இதை அறிந்த ஹெச்.ஆர். அந்த வரியைத் தாண்டிப் போகிறார். அறியாத பெற்றோர் மகிழ்ந்துபோகிறார்கள்.

தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. பாடத்திட்டத்துக்கு வெளியே தொழில் திறன் கற்பிக்க வேண்டும் என்ற அதன் நோக்கம் சரியானது, தேவையானது. அப்படிக் கற்ற திறன் சான்றிதழின் படமாக மட்டும் வெளியே வந்தால், படிப்பும் அந்தப் படத்தோடு முடிந்துவிடும். அந்த வகுப்பில் கட்டிய ஒரு பொருளாக வெளியே வர வேண்டும். கல்லூரிகள் ‘எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள்’ என்று எண்ணுவதை விட்டு, ‘என்ன செய்தார்கள்’ என்று பார்க்கத் தொடங்கினால் இது மாறும்.

மனத்துக்கு ஏற்படும் சேதத்தையும் சொல்லியாக வேண்டும். வேலை கிடைத்தவர்களே லிங்க்ட்இன்னில் அதிகம் எழுதுகிறார்கள். ‘சேர்ந்ததில் பெருமகிழ்ச்சி’ என்ற பதிவுகளுக்கு நடுவில், எட்டாம் மாதமாகத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் ஒவ்வொரு இரவும் தன்னை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், வேலை தேடுவதை அறிவிக்கும் பச்சை வளையத்தை லிங்க்ட்இன் படத்தைச் சுற்றிப் போட வழி செய்தது. வேலை பறிபோனவர்களுக்கு அது உதவியது உண்மை. வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுபவர்கள், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தற்போதைய நிறுவனத்தின் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன்னே உறுதி தருவதில்லை. இதை அறிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

இனி, இந்த நடைமுறையின் ஆழமான குறை. எல்லோருக்கும் ஒரே மேடை என்று இது சொல்லிக்கொள்கிறது. மேடை ஒன்றுதான்; பார்ப்பவரின் கண் மாறிவிடவில்லை. பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டெவெல்லும் செய்த ஆய்வு 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் வெளிவந்தது. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசம் இல்லை, பெயரில் மட்டும். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. வெறும் பெயரை மட்டும் பார்த்தபோதே இப்படி. இன்றைய சுயவிவரம் பெயரோடு முகத்தையும், ஊரையும், பள்ளியையும், யார் யாரோடு நட்பு என்பதையும், எதற்கு விருப்பக்குறி போட்டார் என்பதையும் சேர்த்துக் கொடுக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானித்தது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிற்கும் நம் பெயர்கள் வேலை தேடுவோருக்கு ஒரு கவசமாக இருந்து வந்திருக்கின்றன. பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடாத நிலை இந்தியாவின் பல மாநிலங்களில் இல்லை. அந்தக் கவசத்தைப் படத்தாலும் பதிவுகளாலும் நாமே கழற்றி வைக்கிறோமா என்று யோசிக்க வேண்டும். அடையாளத்தை வெளிப்படையாகச் சொல்வது ஒருவரின் உரிமை, பெருமை. அதை நான் மறுக்கவில்லை. முதல் சல்லடையைத் தாண்டும் முன்பே முகம் தெரிய வேண்டிய கட்டாயம் வேலையின் தன்மையில் இல்லை என்பதுதான் என் வாதம். நிறுவனங்கள் நினைத்தால், படமும் பெயரும் மறைத்த விண்ணப்பத்தை முதல் சுற்றில் பார்க்க முடியும்.

பெண்களுக்கு இன்னும் ஒரு சுமை. படம் வைத்தால் வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் வருகின்றன. படம் வைக்காவிட்டால் கணக்கு போலியா என்று சந்தேகிக்கிறார்கள். குழந்தைக்காகவோ பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ வேலையை விட்டிருந்த பெண்கள் அந்த இடைவெளியை மறைக்கப் பட்ட பாடு பெரிது. 2022-இல் லிங்க்ட்இன் பணி இடைவெளியையும் ஓர் அனுபவமாகக் குறிப்பிட வழி செய்தது. நல்ல மாற்றம். மொழிச் சுமை வேறு. லிங்க்ட்இன் 2021 டிசம்பரில் இந்தியில் வந்தது. 2024-இல் வங்காளம், மராத்தி, தெலுங்கு, பஞ்சாபி சேர்ந்தன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ் வழியில் படித்து, நிரலை நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை, நிரலைப் பற்றி ஆங்கிலத்தில் அலங்காரமாக எழுதத் தெரிந்தவரிடம் தோற்றுப்போவது இந்த மேடையில் தினமும் நடக்கிறது.

ஆள் எடுக்கும் செலவை நிறுவனத்திடமிருந்து வேலை தேடுபவரின் தலைக்கு இந்த ஏற்பாடு மாற்றியிருக்கிறது. ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கலாம் என்றானதும் எல்லோரும் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். லிங்க்ட்இன் வழியாக நிமிடத்துக்குச் சராசரியாக 11,000 விண்ணப்பங்கள் போகின்றன என்று 2025-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் அதிகம். செயற்கை நுண்ணறிவை வைத்து ரெஸ்யூமே எழுதுகிறார்கள், செயற்கை நுண்ணறிவை வைத்தே அதை வடிகட்டுகிறார்கள். அந்த வடிகட்டியும் நடுநிலையானது இல்லை. அமேசான் உருவாக்கிப் பார்த்த ஒரு தேர்வுக் கருவி பெண்களின் ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பெண் குறைத்தது, நிறுவனம் அதைக் கைவிட்டது என்ற செய்தி 2018-இல் வெளிவந்தது. கூட்டம் பெருகப் பெருக, தனித்துத் தெரிய வேண்டும் என்ற அழுத்தம் கூடுகிறது; அழுத்தம் கூடக் கூட, காட்சி வளர்கிறது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. சோஹோ 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைத் தன் பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, மென்பொருள் வேலைக்கு ஆளாக்கி வருகிறது. திருச்சி என்ஐடியில் படித்த இருவர் தொடங்கிய ஹேக்கர்ரேங்க், நிரல் எழுதவைத்துத் தேர்ந்தெடுக்கும் முறையை உலக நிறுவனங்களுக்குக் கொண்டுசென்றது. நிரல் தேர்வுகளுக்கும் குறைகள் உண்டு. மனப்பாடம் அங்கேயும் நுழைந்துவிட்டது. ஆனாலும் ‘செய்து காட்டு’ என்று கேட்பது ‘உன்னைக் காட்டு’ என்று கேட்பதைவிட நேர்மையானது.

இதிலுள்ள ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2021-இல், சுமார் 70 கோடி லிங்க்ட்இன் பயனர்களின் விவரங்கள் திரட்டப்பட்டு விற்பனைக்கு வந்தன. அவை தளத்திலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டவை, அமைப்பை உடைத்துத் திருடியவை அல்ல என்றது நிறுவனம். ஃபோன் எண்ணையும் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் ரெஸ்யூமேயில் போட்டு எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் எந்த ஆறுதலும் தராது. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது: தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று சமூக ஊடக விளம்பரங்களாலும் முகவர்களாலும் ஈர்க்கப்பட்ட ஐடி திறன் கொண்ட இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, மோசடி கால் சென்டர்களில் அடைக்கப்படுகிறார்கள் என்று. மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை தேவை என்று உலகத்துக்கே அறிவிப்பவர், தன் தேவையை மோசடிக்காரனுக்கும் அறிவிக்கிறார். தேடி வரும் வேலை எதுவாயினும், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்க்காமலும், அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்காமலும் ஆவணங்களை அனுப்பக்கூடாது. வெளிநாட்டு வேலை என்றால், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட வேண்டும்.

இத்தனையையும் எடைபோட்டபின் வேலை தேடுபவருக்கு நான் சொல்வது சுருக்கமானது. சுயவிவரத்தை உண்மையாக, தெளிவாக ஒருமுறை எழுதுங்கள். நீங்களே கட்டிய இரண்டு மூன்று பொருள்களை, பிறர் இயக்கிப் பார்க்கும்படி வையுங்கள். தினப் பதிவுகளை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் இன்னொரு பொருளைக் கட்டுங்கள். உங்கள் கல்லூரியில் படித்து, நீங்கள் போக விரும்பும் வேலையில் இருப்பவர்களைத் தேடி, என்ன செய்திருக்கிறீர்கள், எந்த இடத்துக்கு முயல்கிறீர்கள் என்று நாலு வரியில் எழுதுங்கள். ‘ரெஃபர் பண்ணுங்க அண்ணா’ என்ற ஒற்றை வரியைவிட, உங்கள் நிரலின் சுட்டியோடு வரும் நாலு வரிக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

அந்தப் பதில் வருமா என்பது மாணவர் கையில் இல்லை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா கிடையாது, நிறுவனத்தில் பழக்கமுள்ள அப்பாவின் நண்பர் கிடையாது. அந்த இடத்தில் அவருக்கு இருப்பது, முகம் தெரியாத சீனியரான நீங்கள்தான். உங்கள் உட்பெட்டியில், உங்கள் ஊர்ப்பக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த செய்தி எதுவும் பதிலில்லாமல் கிடந்தால், இன்று திறந்து பாருங்கள். அந்தப் பிள்ளை எழுதிய நிரலை ஐந்து நிமிடம் படியுங்கள். நன்றாக இருந்தால் ரெஃபர் செய்யுங்கள். குறை இருந்தால் என்ன குறை என்று எழுதுங்கள்.